ஃபார்மேட் ஒரு வைத்தியமா?



ஆண்டு மலர் என்றால் நாலு கவிதை இருக்கும், ரெண்டு துணுக்கு இருக்கும், ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி ஒரு கிண்டல் இருக்கும். அதையெல்லாம் மற்ற நண்பர்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் எடுத்துக்கொண்டது மதர்போர்டு. "அய்யய்யோ, லேப்லதான் அந்தத் தொல்லைன்னா மலர்லயுமா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். டிப்ளமோ முடித்த கையோடு நம்மில் பலர் இறங்கப்போவது இந்தத் தொழிலில்தான். அதனால் கொஞ்சம் பேசுவோமே!

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதர்போர்டு மாற்றிய பிறகு கம்ப்யூட்டர் கிளம்பவில்லை என்றால், உடனே "ஃபார்மேட் அடிச்சுடலாம்" என்பவர் பழுது பார்க்கவில்லை. பழுது என்ன என்று தெரிந்துகொள்ளாமலேயே, பழுதோடு சேர்த்து அடுத்தவர் சொத்தையும் அழிக்கிறார். வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வைத்தியனுக்கு ஒரு வரிசை சொல்லி வைத்திருக்கிறார். முதலில் நோய் என்ன என்று பார், பிறகு அது எதனால் வந்தது என்று பார், அதற்கப்புறம்தான் மருந்து. நம் சர்வீஸ் உலகத்தில் பல இடங்களில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. மருந்துதான் முதலில் வருகிறது. நோயைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை!

ஃபெஞ்சல் நடத்திய பாடம்

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் நம் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். மக்களை மீட்க ராணுவமே இறங்கியது. தண்ணீர் வடிந்ததும் மெத்தை, பீரோ, ஃபிரிட்ஜ் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கூடவே கம்ப்யூட்டரும் வந்தது. நம் ஊர் வீடுகளில் சி.பி.யு. பெட்டியை மேஜைக்கு அடியில், தரையோடு தரையாக வைப்பதுதானே வழக்கம்? தண்ணீர் முதலில் தேடிப் போனது அதைத்தான்.

நான் மாலை வேளைகளில் ஒரு சர்வீஸ் கடைக்கு உதவிக்குப் போகிறவன். அந்த டிசம்பரில் கடையில் கால் வைக்க இடமில்லை. ஸ்டுடியோக்காரர் ஒருவர், டியூஷன் நடத்தும் அக்கா ஒருவர், ஜெராக்ஸ் கடை அண்ணன் ஒருவர், மற்றபடி வீட்டுக் கம்ப்யூட்டர்கள். பல பெட்டிகளில் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் மதர்போர்டும் போய்விட்டன. ஆனால் மேல் தட்டில் மாட்டியிருந்த ஹார்ட் டிஸ்க் நனையவில்லை. அதாவது வீடு இடிந்துவிட்டது, உள்ளே இருந்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். இதைவிட நல்ல சேதி வேறு உண்டா?

புது போர்டு வந்தது, மாட்டியாயிற்று, சுவிட்ச் போட்டால்... கிளம்பவில்லை. பல கடைகளில் அடுத்து நடந்தது இதுதான்: "விண்டோஸ் பூடுச்சுங்க. புதுசா போடணும். உள்ள இருந்ததெல்லாம் போயிடும், பரவால்லையா?" புயலில் பாதி வீட்டைத் தொலைத்துவிட்டு நிற்கும் மனிதர் என்ன சொல்வார்? "சரிங்க." வெள்ளத்துக்குத் தப்பித்த கல்யாண ஆல்பமும் பிள்ளைகளின் படமும் அந்த ஒரு "சரிங்க"வில் போய்விடும். இயற்கை செய்யாத சேதத்தை நம் கை செய்யலாமா?

வீடு மாறிய குடும்பம்

மதர்போர்டு மாற்றினால் ஏன் இந்தக் கஷ்டம்? சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒரு குடும்பம் வீடு மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாமான் எல்லாம் அதேதான். ஆனால் தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம், மெயின் சுவிட்ச் எங்கே என்று புது வீட்டில் தடுமாறத்தானே செய்வார்கள்? ஹார்ட் டிஸ்கில் இருக்கும் விண்டோஸுக்கும் அதே நிலைமைதான். அது பழைய போர்டின் சிப்செட்டோடு பழகியது. அதோடு நாம் மறந்துவிடும் ஒரு விஷயம் உண்டு. பயாஸ் செட்டிங்குகள் டிஸ்கில் இல்லை, போர்டில்தான் இருக்கின்றன! டிஸ்கை எந்த முறையில் படிக்க வேண்டும், எதிலிருந்து பூட் செய்ய வேண்டும் என்று யாரோ எப்போதோ செய்து வைத்தது எல்லாம் பழைய போர்டோடு குப்பைக்குப் போய்விட்டது. புது போர்டு கம்பெனியில் வைத்துக் கொடுத்த செட்டிங்கோடு வந்து நிற்கிறது.

ஆகவே பல நேரங்களில் கெட்டுப்போனது விண்டோஸ் அல்ல. ரெண்டு பேருக்கும் இன்னும் அறிமுகம் ஆகவில்லை, அவ்வளவுதான்.

எந்தப் படியில் நின்றது?

கம்ப்யூட்டர் கிளம்புவது ஒரே தாவல் கிடையாது, படிப்படியாக ஏறுவது. 1981 ஆகஸ்ட் 12ஆம் தேதி ஐ.பி.எம். தன் முதல் பி.சி.யை அறிமுகப்படுத்தியபோதே, சுவிட்ச் போட்டவுடன் அது தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது. பவர் ஆன் செல்ஃப் டெஸ்ட், சுருக்கமாக போஸ்ட். இன்றைய கம்ப்யூட்டரிலும் அதே சோதனைதான் விரிவாக நடக்கிறது. ஆகவே "கிளம்பலை" என்று வாடிக்கையாளர் சொன்னால் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எந்தப் படியில் நின்னுது?" என்பதுதான்.

முதல் படி. சுவிட்ச் போட்டால் உயிரே இல்லை. இங்கே விண்டோஸுக்கு வேலையே கிடையாது. ஃபார்மேட் அடித்துப் பயனும் கிடையாது. எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாகச் சோதியுங்கள். பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்தால் விசிறி சுற்றுகிறதா? 24 பின் கனெக்டர் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா? பிராசஸருக்குத் தனியாக வரும் 4 பின் அல்லது 8 பின் வயரை மாட்டினோமா? பவர் சுவிட்ச் வயர் சரியான பின்னில் இருக்கிறதா? பெட்டியில் பழைய போர்டுக்காகப் போட்ட பித்தளை ஸ்டாண்டு ஒன்று புது போர்டின் அடியில் தவறான இடத்தில் முட்டி ஷார்ட் ஆகிறதா? எல்லாமே கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய விஷயங்கள்.

இரண்டாம் படி. விசிறி சுத்துது, படம் வரலை. இங்கே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். ஸ்பீக்கர் இருந்தால் பீப் சத்தம் எத்தனை, நீளமா குட்டையா என்று எண்ணுங்கள். அமி, அவார்டு, ஃபீனிக்ஸ் என்று பயாஸுக்குப் பயாஸ் அர்த்தம் மாறும். போர்டு புத்தகத்தைப் பார்த்துத்தான் முடிவு கட்ட வேண்டும். இப்போதைய பல போர்டுகளில் பீப்புக்குப் பதில் நாலு குட்டி விளக்குகள் உண்டு: பிராசஸர், ரேம், டிஸ்பிளே, பூட். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. ரேமைக் கழற்றி, காண்டாக்டைச் சுத்தம் செய்து, ஒன்றை மட்டும் மாட்டிப் பாருங்கள். நம் ஊர் உப்புக்காற்றுக்குக் காண்டாக்ட் கறுப்பது சகஜம்.

இந்தப் படியில் இன்னும் ரெண்டு விஷயம். டி.டி.ஆர்.5 ரேம் போட்ட புது போர்டு முதல் தடவை கிளம்பும்போது, ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிஷம்கூட எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். பதறிப்போய் பவரை நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். பொறுமை! அடுத்து, பிராசஸர் புதுசாகவும் போர்டில் உள்ள பயாஸ் பழசாகவும் இருந்தால் ஒன்றை ஒன்று அடையாளம் தெரியாது. 2020இல் ஏ.எம்.டி.யின் ரைசன் 5000 வரிசை வந்தபோது, அதே ஏ.எம்.4 சாக்கெட் கொண்ட முந்தைய போர்டுகளில் பயாஸைப் புதுப்பித்தால்தான் அது வேலை செய்தது. பொருந்திய சாக்கெட் எல்லாம் பொருத்தமான ஜோடி ஆகிவிடாது!

மூன்றாம் படி. படம் வந்தது, "ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்" என்கிறது. பல டிஸ்குகள் அநியாயமாக ஃபார்மேட் ஆவது இங்கேதான். முதலில் பயாஸுக்குள் போய் டிஸ்க் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் கேபிள், போர்ட், பவர் வயர். தெரிந்தால் அடுத்த கேள்வி: பழைய விண்டோஸ் எந்த முறையில் போட்டது? எம்.பி.ஆர். முறையில் பிரித்த டிஸ்கில், பழைய பயாஸ் பாணியில் விண்டோஸ் போட்டிருப்பார்கள். புது போர்டோ யு.இ.எஃப்.ஐ. முறையை மட்டும் எதிர்பார்க்கும். பயாஸில் சி.எஸ்.எம். என்ற வசதி இருந்தால் அதைத் திறந்துவிட்டாலே பல மெஷின்கள் எழுந்துவிடும். சில புது போர்டுகளில் அந்த வசதியே இருக்காது. அப்போதும் ஃபார்மேட் தேவையில்லை. டிஸ்கை எம்.பி.ஆரிலிருந்து ஜி.பி.டி.க்கு, உள்ளே இருப்பதை அழிக்காமல் மாற்றும் கருவியை மைக்ரோசாஃப்டே 2017 முதல் விண்டோஸ் 10 உடன் கொடுத்து வருகிறது. முதலில் ஒரு நகல் எடுத்துவிட்டுச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

டிஸ்க் ஏற்கெனவே ஜி.பி.டி. என்றால் வேறு கதை. எதிலிருந்து பூட் செய்வது என்ற குறிப்பு பழைய போர்டின் நினைவகத்தில் இருந்தது, அது போய்விட்டது. விண்டோஸ் இன்ஸ்டால் பென் டிரைவில் பூட் செய்து, ரிப்பேர் பகுதியில் பூட் ஃபைலை மட்டும் திரும்ப எழுதினால் போதும். லினக்ஸ் என்றால் லைவ் பென் டிரைவில் ஏறி கிரப்பைத் திரும்பப் பதிக்க வேண்டும். ரெண்டிலும் வாடிக்கையாளரின் ஃபைலைத் தொடவே தேவையில்லை.

நான்காம் படி. விண்டோஸ் சின்னம் வந்து, உடனே நீலத்திரை. "இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்" என்கிறது. பழைய விண்டோஸில் கடைசியில் 7பி என்று முடியும் எண் வரும். இதன் அர்த்தம் என்ன? "நான் ஓட ஆரம்பிச்சுட்டேன், ஆனா டிஸ்கைப் படிக்கிற டிரைவர் பொருந்தலை" என்று விண்டோஸே நம்மிடம் சொல்கிறது. பழைய போர்டில் சாட்டா முறை ஐ.டி.இ. அல்லது ரெய்டு என்று இருந்திருக்கும், புதுசில் ஏ.எச்.சி.ஐ. என்று இருக்கும். பயாஸில் அதைப் பழையபடி மாற்றிப் பாருங்கள். சில நிமிஷ வேலை! இன்டெல் 11ஆம் தலைமுறை முதலான பல லேப்டாப்புகளில் இதே வேலையை வி.எம்.டி. என்ற செட்டிங் செய்கிறது. பிறகு ஏ.எச்.சி.ஐ.க்கே மாற வேண்டும் என்றால், ஒருமுறை சேஃப் மோடில் ஏற்றி இறக்கினால் இன்றைய விண்டோஸ் தானே சரியான டிரைவரை எடுத்துக்கொள்ளும்.

கடைசியாக ஒரு சின்ன ஆசாமி: சி.ஆர். 2032 பேட்டரி. 3 வோல்ட் இருக்க வேண்டியது, போர்டு கடையில் வருஷக்கணக்காகக் கிடந்ததில் இறங்கிப்போயிருக்கும். தேதி பின்னால் போகும், செட்டிங் மறக்கும். தேதி தப்பாக இருந்தால் பிரௌசர் பல தளங்களைத் திறக்க மறுக்கும். வாடிக்கையாளர் "போர்டு மாத்துனதிலிருந்து நெட்டு வரலை" என்பார். சில ரூபாய் பேட்டரியில் தீர வேண்டிய பஞ்சாயத்துக்கும் ஃபார்மேட் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

நாற்பத்தெட்டு இலக்கம்

இதுவரை சொன்னது நேரம் வீணாவதைப் பற்றி. இனி சொல்வது உண்மையான ஆபத்து.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை நம் ஊரில் சொல்தா என்றுதானே சொல்வோம். பிரான்சில் இருக்கும் மகன் வந்தபோது விட்டுப்போன லேப்டாப்தான் தாத்தாவுக்கு எல்லாமே. பென்ஷன் காகிதங்களின் நகல், ஆயா உயிரோடு இருந்த காலத்துப் படங்கள், பேரப்பிள்ளைகளோடு வீடியோ பேச்சு. மதர்போர்டு போய், புதுசு போட்டார்கள். போட்டதும் நீலத்திரையில், ரெகவரி கீ கொடு என்று கேட்டது. கடையில் "இது லாக் ஆயிடுச்சு, ஃபார்மேட்தான் ஒரே வழி" என்று சொல்லியிருக்கிறார்கள். தாத்தா யோசித்துச் சொல்வதாக லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார். நல்லவேளை!

நடந்தது இதுதான். இன்றைய பல லேப்டாப்புகளில் பிட்லாக்கர் முறையில் டிஸ்க் முழுவதும் பூட்டப்பட்டிருக்கிறது. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக விண்டோஸ் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், நாம் கேட்காமலேயே இந்தப் பூட்டு விழுவது இன்னும் பரவலாகிவிட்டது. பூட்டைத் தானாகத் திறக்கும் சாவி டி.பி.எம். என்ற சிப்பிடம் இருக்கும். அது மதர்போர்டிலோ பிராசஸருக்குள்ளேயோ இருப்பது. லேப்டாப்பில் ரெண்டும் ஒரே பலகைதான். பலகை மாறினால் சாவியும் போச்சு! அப்போதுதான் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கூட்டம்.

"தாத்தா, முதல்ல இதை ஸ்டார்ட் பண்ணப்போ யார் மெயில் ஐடி போட்டீங்க?" என்று கேட்டேன். "எனக்கேதுடா மெயிலு, எம் மவனுதுதான்" என்றார். மகனுக்குப் போன் போட்டோம். அவர் தன் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்தார். ரெகவரி கீ அங்கே இருந்தது. அவர் படிக்கப் படிக்க நான் அடித்தேன். லேப்டாப் திறந்துகொண்டது. தாத்தா ஆயா படத்தைத்தான் முதலில் திறந்து பார்த்தார். பிறகு பிட்லாக்கரை ஒருமுறை நிறுத்தி வைத்துத் திரும்ப இயக்கினேன். புது சிப்போடு சாவி ஒட்டிக்கொண்டது. அப்படிச் செய்யாவிட்டால் ஒவ்வொரு தடவையும் கீயைக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இதே லேப்டாப்பை ஃபார்மேட் அடித்திருந்தால்? சாதாரண டிஸ்க் என்றால் ரெகவரி சாஃப்ட்வேர் கொண்டு எதையாவது மீட்கலாம். பூட்டிய டிஸ்கை ஃபார்மேட் அடித்த பிறகு எந்த சாஃப்ட்வேரும் காப்பாற்றாது. கீ கையில் இருந்தாலும்கூட அப்புறம் திறக்கப் பூட்டே இருக்காது. கீ உண்மையிலேயே எங்கும் கிடைக்கவில்லை என்றால் தகவல் போனது போனதுதான். அதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் தேடிப் பார்க்காமலே சொல்லக்கூடாது.

விண்டோஸ் லைசென்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. கம்ப்யூட்டரோடு வரும் ஓ.இ.எம். லைசென்ஸ் பழைய போர்டோடு கட்டப்பட்டது. தனியாகக் காசு கொடுத்து வாங்கிய ரீடெய்ல் லைசென்ஸ் புது போர்டுக்கு வரும். "ஆக்டிவேட் விண்டோஸ்" என்று திரை ஓரத்தில் எழுத்து வந்தால் அது லைசென்ஸ் பிரச்சினை. ஃபார்மேட் அடித்தாலும் அந்த எழுத்து போகாது!

கடைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு

சர்வீஸ் கடை அண்ணன்மாரைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவர்கள் நிலைமையையும் பார்க்க வேண்டும். ஒருநாள் நான் கேட்டேன், "அண்ணே, ஒரு தடவை பயாஸ்ல பாத்துட்டு அப்புறம் ஃபார்மேட் பண்ணலாமே?" அவர் சொன்னார்: "தம்பி, ஃபார்மேட்னா ஒரு மணி நேரத்துல வேலை முடியும்னு எனக்குத் தெரியும். நீ சொல்ற மாதிரி தேட ஆரம்பிச்சா பத்து நிமிஷமும் ஆகும், மூணு மணி நேரமும் ஆகும். மூணு மணி நேரத்துக்குக் காசு கேட்டா, செட்டிங் மாத்துனதுக்கா இவ்ளோன்னு சண்டைக்கு வராங்க. கடை வாடகை யார் குடுப்பா?"

நியாயமான பேச்சு. பொருளுக்குக் காசு கொடுக்கும் நம் ஜனங்கள் மூளைக்குக் காசு கொடுக்கத் தயங்குகிறார்கள். புது ரேமுக்குப் பில் கேட்காமல் கொடுப்பவர், "ரேம் நல்லாத்தான் இருக்கு, செட்டிங்தான் தப்பு" என்று சொன்னவருக்கு டீ காசு கொடுத்துவிட்டுப் போகிறார். இந்த வழக்கம் இருக்கும்வரை ஃபார்மேட்டுக்கும் மவுசு இருக்கும்.

இன்னொரு வாதமும் உண்டு. "பழைய விண்டோஸைப் புது போர்டில் இழுத்துக்கொண்டு ஓட்டுவதைவிடப் புதுசாகப் போடுவதுதான் சுத்தம்" என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். பழைய டிரைவர்கள் உள்ளே கிடந்து பிற்பாடு தொல்லை தரலாம். வைரஸ் பிடித்த டிஸ்க், ஃபைல் சிதைந்த டிஸ்க் என்றால் புதுசாகப் போடுவதுதான் சரி. நான் ஃபார்மேட்டுக்கு எதிரி அல்ல. அது கடைசிப் படியாக இருக்கட்டும், முதல் படியாக வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். முதலில் நகல் எடு, உரிமையாளரிடம் காட்டு, அவர் சம்மதத்தோடு அழி. இந்த வரிசை மாறினால் அது வைத்தியம் இல்லை.

நகல் எடுக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். ஒரு 8 ஜி.பி. பென் டிரைவில் லைவ் லினக்ஸ் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்கைத் தொடாமலேயே கம்ப்யூட்டர் அதிலிருந்து கிளம்பும். ஃபோல்டரைத் திறந்தால் படங்கள் தெரிகின்றனவா? தெரிந்தால் தகவல் உயிரோடு இருக்கிறது. டாக்டருக்கு ஸ்டெதாஸ்கோப் மாதிரி, நமக்கு அந்தப் பென் டிரைவ். அது இல்லாமல் எந்த டிஸ்கையும் "செத்துப்போச்சு" என்று சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

வெறும் புலம்பலோடு கட்டுரையை முடிக்க எனக்கு விருப்பமில்லை. நான்கு யோசனைகள்.

ஒன்று, ஜாப் கார்டில் நான்கு கேள்வி. இதில் அழியக்கூடாத தகவல் என்ன? வேறு எங்காவது நகல் இருக்கிறதா? எந்த மெயில் கணக்கில் இதைத் தொடங்கினீர்கள்? டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறதா? நாலு வரிதான். எழுதிக் கையெழுத்து வாங்கினால் வாடிக்கையாளருக்கும் பாதுகாப்பு, கடைக்கும் பாதுகாப்பு.

இரண்டு, கழற்றுமுன் போட்டோ. பழைய போர்டு கொஞ்சமாவது உயிரோடு இருந்தால் பயாஸுக்குள் போய் சாட்டா முறை, பூட் முறை ரெண்டையும் செல்போனில் படம் எடுங்கள். ரெகவரி கீயை அப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வயர் மாட்டியிருக்கும் விதத்தையும் படம் எடுங்கள். நனைந்த பெட்டி என்றால் மட்டும் இதெல்லாம் வேண்டாம். முழுசாகக் காயும்வரை கரண்டே கொடுக்கக்கூடாது.

மூன்று, லேப். அசெம்பிள் செய்வது, இன்ஸ்டால் செய்வது என்று ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதிவிடுகிறோம். நல்லா இருக்கிற மெஷினைக் கழற்றி மாட்டினால் போதுமா? வேண்டுமென்றே கோளாறு வைத்த நாலு மெஷினைக் கொடுங்கள் என்று நம் சார்களிடம் மரியாதையோடு கேட்போம். ஒன்றில் 8 பின் வயர் இருக்காது, ஒன்றில் ரேம் சரியாக உட்கார்ந்திருக்காது, ஒன்றில் சாட்டா முறை மாறியிருக்கும், ஒன்றில் பேட்டரி இறங்கியிருக்கும். எந்தப் படியில் நின்றது, எப்படித் தெரிந்தது என்று வைவாவில் கேட்கட்டும். மனப்பாடம் செய்தவன் யார், புரிந்தவன் யார் என்று அரை மணியில் தெரிந்துவிடும்!

நான்கு, நம் மாணவர் சங்கம். மாதம் ஒரு சனிக்கிழமை, ஃபார்மேட் இல்லாத சர்வீஸ் முகாம் ஒன்று நடத்தலாம். அக்கம்பக்கத்து ஜனங்கள் கொண்டு வரட்டும். நாம் பார்த்து, எந்தப் படியில் நிற்கிறது என்று ஒரு சீட்டில் தமிழில் எழுதிக் கொடுப்போம். அதற்கப்புறம் அவர்கள் எந்தக் கடைக்குப் போனாலும் அந்தச் சீட்டைக் காட்டலாம். காமராஜர் சாலைக் கடையானாலும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் ஆனாலும், நோய் என்ன என்று தெரிந்து வருபவரை யாரும் அவ்வளவு சுலபத்தில் ஏமாற்ற முடியாது.

காலமும் நமக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென்று ஒரு இணையதளமும் தொடங்கியது. புதிய மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. தூக்கி எறியாதே, பழுது பார் என்பதுதான் இதற்கெல்லாம் பின்னால் உள்ள எண்ணம். இன்னொரு பக்கம், 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 வேண்டும் என்பதால், பெட்டியை வைத்துக்கொண்டு போர்டை மட்டும் மாற்றலாமா என்று கேட்டு வருகிறார்கள். மாற்றலாம். ஆனால் மாற்றிய பிறகு கிளம்பவில்லை என்றால் என்ன செய்வது என்று தெரிந்த கை வேண்டும். அந்தக் கை நம்முடையதாக இருக்கட்டும்!

தோழர்களே, ஃபார்மேட் அடிக்கத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அதற்கு டிப்ளமோ தேவையில்லை. திரையில் வரும் பட்டனை அழுத்தினால் போதும். மூன்று வருஷம் படித்த நமக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்? திரையில் வருவது திட்டு அல்ல, தகவல் என்று நமக்குத் தெரிய வேண்டும். "நான் இந்தப் படி வரைக்கும் வந்துட்டேன், இதுக்கு மேல முடியலை, கொஞ்சம் என்னன்னு பாரு" என்று மெஷின் நம்மிடம் சொல்கிறது. அதைக் காது கொடுத்துக் கேட்பவர்தான் டெக்னீஷியன்.

நாளைக்கு உங்கள் மேஜைமேல் ஒரு பெட்டி வந்து, "ஃபார்மேட் பண்ணிடலாமா?" என்று யாராவது கேட்டால், பென் டிரைவை எடுத்துக்கொண்டு இப்படிச் சொல்லுங்கள்: "இருங்க. முதல்ல உள்ள என்ன இருக்குன்னு பாப்போம்."

— மூன்றாம் ஆண்டு மாணவன்,
கணினிப் பொறியியல் துறை